நிலை இல்லாத கணவரைக் கனடாவில் இருந்தபடியே ஸ்பொன்சர் செய்ய முடியுமா?

கேள்வியின் சுருக்கம் இது. ஸ்காபரோவில் வாழும் ஒரு சகோதரி, அகதியாக ஏற்கப்பட்டு 2015இல் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர். அவருடைய கணவர் 2018இல், ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவர் கொடுத்த கடவுச்சீட்டில் வந்து, அதை விமான நிலையத்திலேயே கையளித்து அகதிக் கோரிக்கை வைத்தவர். கோரிக்கையும் மேல்முறையீடும் நிராகரிக்கப்பட்டன. பெடரல் நீதிமன்றமும் வழக்கை விசாரணைக்கு எடுக்க அனுமதி மறுத்துவிட்டது. வேலை அனுமதி காலாவதியாகிவிட்டது; இங்கே தங்கச் சட்டபூர்வ நிலை, அதாவது ஸ்டேட்டஸ், இப்போது அவருக்கு இல்லை. திருமணம் முறைப்படி பதியப்பட்டுள்ளது; 2 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இங்கிருந்தபடியே அவரை ஸ்பொன்சர் செய்யலாமா, இலங்கைக்குத் திரும்பிப்போய் விண்ணப்பிக்க வேண்டுமா, இடையில் பிடித்து அனுப்பிவிடுவார்களா என்று அவர் கேட்கிறார்.

சகோதரி, இங்கிருந்தபடியே செய்ய முடியும். உங்கள் கணவரிடம் இப்போது செல்லுபடியாகும் விசா எதுவும் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தை மறுக்க மாட்டார்கள். ஆனால் எப்போது விண்ணப்பிக்கிறீர்கள் என்பதும், அவருடைய அகதிக் கோப்பில் உள்ளவற்றோடு இப்போது எழுதுபவை ஒத்துப்போகின்றனவா என்பதும் இந்த விண்ணப்பத்தின் விதியைத் தீர்மானிக்கும். இத்தகைய கோப்புகளோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஸ்டேட்டஸ் இல்லாததால் கெட்டுப்போன விண்ணப்பங்களைவிட, பிந்திப் போட்டதாலும் முன்னுக்குப் பின் முரணாக எழுதியதாலும் கெட்டுப்போனவற்றையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் 2002 ஜூன் 28ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் ஒழுங்குவிதிகளில் 124ஆவது விதி, கனடாவுக்குள் இருந்தபடி விண்ணப்பிக்கும் வாழ்க்கைத்துணைக்கு மூன்று நிபந்தனைகளை விதிக்கிறது. அவர் ஸ்பொன்சர் செய்பவரின் கணவனாகவோ மனைவியாகவோ, அல்லது ஓராண்டாவது சேர்ந்து வாழ்ந்த துணையாகவோ இருந்து, அவருடன் கனடாவில் ஒரே வீட்டில் வாழ வேண்டும். அவருக்குத் தற்காலிக வதிவிட நிலை இருக்க வேண்டும். அவர் பெயரில் ஸ்பொன்சர் விண்ணப்பம் ஒன்று இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனைதான் உங்கள் கணவரைப் போன்றவர்களுக்குத் தடையாக நின்றது. அந்நாட்களில் அவர்கள் மனிதாபிமான அடிப்படையில் தனி விண்ணப்பம் போட்டு, விதிவிலக்கு அளிக்கும்படி கேட்க வேண்டியிருந்தது. 2005 பெப்ரவரி 18ஆம் திகதி, ஜோ வோல்பி குடிவரவு அமைச்சராக இருந்தபோது, சட்டத்தின் 25ஆவது பிரிவின் கீழ் ஒரு பொதுக் கொள்கை அறிவிக்கப்பட்டது. உண்மையான திருமண உறவில் சேர்ந்து வாழும் துணைக்கு, ஸ்பொன்சர் செய்பவரின் பொறுப்புறுதி (துணையின் செலவைத் தான் ஏற்பதாகத் தரும் எழுத்துறுதி) இருக்குமானால், அந்த இரண்டாவது நிபந்தனையை வலியுறுத்த வேண்டியதில்லை என்பதே அதன் சாரம். நீங்கள் விண்ணப்பிக்கப்போவது இதன் கீழ்தான்.

இந்தக் கொள்கையில் 'நிலை இல்லாமை' என்ற சொல்லுக்குத் தனியான பொருள் உண்டு. பலர் வழுக்குவது இங்கேதான். விசாவோ, வேலை அனுமதியோ, படிப்பு அனுமதியோ முடிந்த பிறகும் தங்கியிருப்பது, அனுமதி இல்லாமல் வேலை செய்தது அல்லது படித்தது, தேவையான விசா இல்லாமல் நாட்டுக்குள் வந்தது, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு இல்லாமல் வந்தது ஆகியவை இதற்குள் அடங்கும். எனவே உங்கள் கணவர் வேலை அனுமதி முடிந்த பின்னும் எங்காவது வேலை செய்திருந்தால், அதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. மறைத்தால்தான் சிக்கல் உருவாகும். பொய்யுரைத்தல் என்ற குற்றச்சாட்டு நிரூபணமானால் 5 ஆண்டுத் தடை வரும், அதை இந்தக் கொள்கை மன்னிக்காது.

அடங்காதவை எவை என்பதையும் கவனமாகப் படியுங்கள். குற்றத் தீர்ப்பு, பாதுகாப்புக் காரணம், மனித உரிமை மீறல், ஒழுங்கமைக்கப்பட்ட குற்றம் ஆகியவற்றின் பேரில் நாட்டுக்குள் அனுமதிக்க முடியாதவர் என்று கருதப்படுபவரை இது காப்பாற்றாது. முன்பு ஒருமுறை நாடுகடத்தப்பட்டு, மீள்வருகைக்கான அனுமதி பெறாமல் திரும்பி வந்தவருக்கும் இது பொருந்தாது. முறைகேடாகப் பெற்ற கடவுச்சீட்டையோ விசாவையோ பயன்படுத்தித் தற்காலிக வதிவிட நிலையைப் பெற்று, அந்த ஆவணத்தைக் கையளிக்காமலும் அது கைப்பற்றப்படாமலும் இருப்பவர் இதற்கு வெளியே நிற்கிறார். உங்கள் கணவர் முகவரின் கடவுச்சீட்டை விமான நிலையத்திலேயே கொடுத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது மிகப் பெரிய நன்மை. அதைக் கைப்பற்றியதற்கான பற்றுச்சீட்டோ, அன்று எழுதப்பட்ட குறிப்போ அவருடைய கோப்பில் இருக்கும். அதன் பிரதியைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் ஸ்பொன்சர் செய்யத் தகுதி உள்ளவரா என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 18 வயதுக்கு மேற்பட்ட குடியுரிமையாளர் அல்லது நிரந்தர வதிவாளர் இதைச் செய்யலாம். அகதியாக ஏற்கப்பட்டும் இன்னும் பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) கிடைக்காதவரால் முடியாது. சமூக உதவிப் பணம் பெறுபவர், அது உடல் இயலாமைக்கான உதவியாக இல்லாவிட்டால், செய்ய முடியாது. வங்குரோத்து நிலையிலிருந்து விடுவிக்கப்படாதவர், முன்னைய ஸ்பொன்சர் பொறுப்பில் தவறியவர், நீதிமன்றம் விதித்த பராமரிப்புப் பணத்தைக் கட்டாதவர், சிறையில் இருப்பவர் ஆகியோருக்கும் தடை உண்டு. கணவனாலோ மனைவியாலோ ஸ்பொன்சர் செய்யப்பட்டு வந்தவர், தான் பிஆர் பெற்ற நாளிலிருந்து 5 ஆண்டுகள் முடியும் வரை வேறொரு துணையை ஸ்பொன்சர் செய்ய முடியாது; நீங்கள் அகதியாக வந்தவர் என்பதால் இது உங்களுக்குப் பொருந்தாது. வாழ்க்கைத்துணையை ஸ்பொன்சர் செய்யக் குறைந்தபட்ச வருமானம் பொதுவாகக் கேட்கப்படுவதில்லை. பெற்றோரை எடுப்பதற்கான வருமான அளவைக் கேள்விப்பட்டு, அதே அளவு தமக்கும் தேவை என்று எண்ணி ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த குடும்பங்கள் உண்டு.

நீங்கள் கையெழுத்திடும் பொறுப்புறுதி, அவருக்குப் பிஆர் கிடைக்கும் நாளிலிருந்து 3 ஆண்டுகள் உங்களைக் கட்டுப்படுத்தும். அந்தக் காலத்தில் அவர் அரச சமூக உதவி பெற்றால் அந்தப் பணத்தை உங்களிடம் கேட்பார்கள். இடையில் விவாகரத்து ஆனாலும் இந்தப் பொறுப்பு நீங்காது. 2012 முதல் 2017 வரை நடைமுறையில் இருந்த, துணையுடன் 2 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தால்தான் பிஆர் நிலைக்கும் என்ற நிபந்தனை இப்போது இல்லை. துணையின் கொடுமைக்குள் சிக்கியவர்களை, பெரும்பாலும் பெண்களை, அந்த நிபந்தனை வீட்டுக்குள் பூட்டி வைத்தது. அது நீக்கப்பட்டதை நான் மனதார வரவேற்றேன்.

அடுத்து உங்கள் கேள்வியின் நடுப்பகுதி: அவர் இலங்கைக்குத் திரும்பிப்போய் விண்ணப்பிக்கலாமா? உறவினர் சிலர் அதுதான் நேர்மையான வழி, விரைவான வழி என்று சொல்லியிருக்கக்கூடும். உங்கள் நிலைமையில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், காரணங்கள் பல.

அகதிக் கோரிக்கை வைத்தபோதே அவர் மீது நிபந்தனையுடன் கூடிய புறப்பாட்டு ஆணை ஒன்று பிறப்பிக்கப்பட்டிருக்கும். கோரிக்கை முற்றாகத் தோற்று, அந்த ஆணை நடைமுறைக்கு வந்த பின் 30 நாட்களுக்குள், வெளியேற்றங்களை நடத்தும் அரச அமைப்பான எல்லைச் சேவைகள் முகவரகத்திடம் உறுதிப்படுத்திக்கொண்டு புறப்படாவிட்டால், அது தானாகவே நாடுகடத்தல் ஆணையாக மாறிவிடும். அவருக்கு அந்த 30 நாட்கள் பெரும்பாலும் கடந்திருக்கும். அப்படியானால், இப்போது அவர் தாமாகவே விமானம் ஏறினாலும், திரும்பி வருவதற்கு ஸ்பொன்சர் விண்ணப்பம் ஏற்கப்படுவது மட்டும் போதாது. மீள்வருகைக்கான தனி அனுமதியும் வேண்டும், அதைக் கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்புரிமை. ஆனால் அவர் இங்கேயே இருந்து பிஆர் பெற்றுவிட்டால், நிறைவேற்றப்படாத அந்த ஆணை சட்டத்தின் 51ஆவது பிரிவின்படி செல்லாததாகிவிடும். ஒரே ஆணை, அவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து இவ்வளவு மாறுபடுகிறது.

இன்னொரு காரணம் உங்களையே பற்றியது. இதைப் பலர் யோசிப்பதில்லை. நீங்கள் இலங்கையிலிருந்து பாதுகாப்புத் தேடி வந்து அகதியாக ஏற்கப்பட்டவர், இன்னும் குடியுரிமை பெறவில்லை. 2012 டிசம்பர் முதல், அப்படிப்பட்ட ஒருவர் தம் நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடியதாகத் தீர்மானிக்கப்பட்டால், அகதி நிலையோடு நிரந்தர வதிவிட உரிமையையும் இழக்க நேரிடலாம். கணவர் யாழ்ப்பாணத்தில் காத்திருக்க, நீங்கள் குழந்தையுடன் இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து அங்கே போய்வந்தால், ஸ்பொன்சர் செய்யும் உங்கள் உரிமையே கேள்விக்குள்ளாகலாம். குடியுரிமை பெற்றுவிட்டால் இந்த அச்சம் நீங்கும். தகுதி வந்திருந்தால் அந்த விண்ணப்பத்தையும் தள்ளிப்போடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து செய்யும் விண்ணப்பத்துக்கு ஒரு பெரும் சிறப்பு உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. அது மறுக்கப்பட்டால், ஸ்பொன்சர் செய்தவர் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவில் முறையிட்டு, சாட்சிகளோடு முழுமையாக வாதாடலாம். கனடாவுக்குள் இருந்து செய்யும் விண்ணப்பத்துக்கு அந்த உரிமை இல்லை. மறுப்புக் கிடைத்த 15 நாட்களுக்குள் பெடரல் நீதிமன்றத்தில் நீதிமுறை மீளாய்வுக்கு அனுமதி கேட்பதே வழி. அங்கேயும் நீதிபதி உறவு உண்மையா என்று புதிதாக விசாரிப்பதில்லை, அதிகாரியின் முடிவு நியாயமாக எடுக்கப்பட்டதா என்பதையே பார்ப்பார். ஆகவே இரண்டாம் வாய்ப்பு இருக்கும் என்று எண்ணி அரைகுறையாக எதையும் அனுப்பாதீர்கள்.

இப்போது நீங்கள் அஞ்சுகின்ற விடயத்துக்கு வருகிறேன். ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டுவிட்டால் அனுப்ப மாட்டார்கள் என்று நம்பியிருப்பது ஆபத்தான தவறு. வெளியேற்ற ஆணை நடைமுறைப்படுத்தக்கூடியதாக இருந்தால், முடிந்த விரைவில் அதை நிறைவேற்றவேண்டும் என்று சட்டத்தின் 48ஆவது பிரிவு முகவரகத்தைக் கட்டாயப்படுத்துகிறது. 2005ஆம் ஆண்டுக் கொள்கை இதற்கு ஒரு சிறு இடைவெளி தருகிறது: அந்தக் கொள்கையின் கீழ் தகுதியுள்ள விண்ணப்பதாரருக்கு 60 நாட்கள் நிர்வாக ரீதியாக வெளியேற்றத்தைத் தள்ளிவைக்க முகவரகம் இணங்கியிருக்கிறது. ஆனால் வெளியேற்றத்துக்கு முந்தைய நேர்காணலுக்கு அழைக்கப்பட்டு, 'வெளியேற்றத்துக்குத் தயார்' என்று தீர்மானிக்கப்படும் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அந்த நேர்காணலின் பின் போட்டவர்களுக்கு, மிகச் சில சூழ்நிலைகளைத் தவிர, இந்தத் தள்ளிவைப்புக் கிடைப்பதில்லை. பிடியாணை நிலுவையில் உள்ளவர், குற்றவழக்கு நிலுவையில் உள்ளவர், முன்பு வெளியேற்றத்துக்குத் தடை ஏற்படுத்தியவர் ஆகியோருக்கும் இல்லை. 'கடிதம் வரட்டும், பிறகு பார்ப்போம்' என்று காத்திருப்பவர்கள் இழப்பது இந்த வாய்ப்பைத்தான்.

60 நாட்கள் மிகக் குறுகிய காலம் என்பதும், விண்ணப்ப முடிவுக்கு ஓராண்டையும் தாண்டலாம் என்பதும் உண்மை. இடைப்பட்ட காலத்தில் எது அவரைக் காக்கும்? விண்ணப்பத்தின் முதற்கட்டத்தில், அவர் கனடாவுக்குள் இருந்து விண்ணப்பிக்கும் வாழ்க்கைத்துணைக்கான தகுதிகளை நிறைவு செய்கிறார் என்று அதிகாரி ஏற்றுக்கொள்ளும்போது, கொள்கையளவிலான ஒப்புதல் கிடைக்கும். அந்த நாளிலிருந்து, பிஆர் பற்றிய இறுதி முடிவு வரும் வரை, 233ஆவது விதியின்படி வெளியேற்றம் நிறுத்தி வைக்கப்படுகிறது. இதற்கு முன்பே நேர்காணலுக்கு அழைப்பு வந்தால், கடைசி அகதித் தீர்ப்புக்குப் பின் 12 மாதங்கள் கடந்திருக்கும் ஒருவருக்கு, திருப்பி அனுப்பினால் நேரக்கூடிய ஆபத்தை ஆராயும், வெளியேற்றத்துக்கு முந்தைய ஆபத்து மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு அங்கே கொடுக்கப்படலாம். கொடுக்கப்பட்டு, 15 நாட்களுக்குள் விண்ணப்பித்தால், அதன் முடிவு வரும் வரையும் வெளியேற்றம் நிற்கும்.

இவை எதுவும் கைகொடுக்காத நிலையில் வெளியேற்றத் திகதி குறிக்கப்பட்டால், ஒத்திவைக்கும்படி அதிகாரியிடம் எழுத்தில் கேட்கலாம். ஆனால் அவருக்குள்ள அதிகாரம் மிகக் குறைவு, குழந்தை இருக்கிறது என்பதோ விண்ணப்பம் நிலுவையில் உள்ளது என்பதோ தனியே போதுமானதாகக் கொள்ளப்படுவது அரிது. அவர் மறுத்தால் பெடரல் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்கலாம். 1988ஆம் ஆண்டின் டோத் வழக்கில் வகுக்கப்பட்டபடி, பாரதூரமான சட்டக் கேள்வி ஒன்று இருக்கிறது, ஈடுசெய்ய முடியாத தீங்கு நேரும், இரு தரப்பின் சிரமங்களையும் எடைபோட்டால் நிறுத்துவதே தகும் என்ற மூன்றையும் நிறுவ வேண்டும். மூன்றும் சேர்ந்தே வேண்டும். உங்கள் சார்பில் இதை வாதாட வழக்கறிஞரால் மட்டுமே முடியும். உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர் பெடரல் நீதிமன்றத்தில் வாதாட முடியாது என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள்.

இதோடு சேர்த்து உருக்கமாக ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். முகவரகம் அவரை மாதம் ஒருமுறையோ வேறு இடைவெளியிலோ வந்து பதியச் சொல்லியிருந்தால், அவர் ஒருமுறைகூடத் தவறக் கூடாது. வீடு மாறினால் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும். 'போனால் பிடித்துவைத்துவிடுவார்கள்' என்ற பயத்தில் போகாமல் விட்டவருக்குப் பிடியாணை பிறக்கிறது. பிடியாணை பிறந்ததும் 60 நாள் தள்ளிவைப்பு போய்விடுகிறது. ஒளிந்திருக்கும்படி ஆலோசனை சொல்பவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த ஆலோசனை இந்தக் கொள்கை தரும் அந்த 60 நாள் பாதுகாப்பைப் பறித்துவிடுகிறது.

விண்ணப்பத்தின் உள்ளடக்கம் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஒழுங்குவிதிகளில் 4ஆவது விதி, திருமணம் உண்மையானதாக இல்லாவிட்டாலோ, அல்லது குடிவரவு நன்மை பெறுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு செய்யப்பட்டிருந்தாலோ, அதை ஏற்க வேண்டாம் என்கிறது. 2010க்குப் பின் இவற்றில் ஒன்று இருந்தாலே மறுப்புக்குப் போதும். அகதிக் கோரிக்கை தோற்ற பின் நடந்த திருமணத்தை அதிகாரி இரண்டாவது கண்ணோட்டத்தில்தான் முதலில் பார்ப்பார். எனவே உங்கள் உறவு எப்போது தொடங்கியது, யார் பேசி வைத்தார்கள் அல்லது எங்கே சந்தித்தீர்கள், சாதகம் பார்த்தார்களா, இரு வீட்டாருக்கும் எப்போது தெரிந்தது என்பவற்றைத் திகதிகளோடு எழுதுங்கள். கோரிக்கை தோற்பதற்கு முன்பே பழகியிருந்தால் அதற்கான வாட்ஸ்அப் உரையாடல்களும் படங்களும் மிகவும் பெறுமதியானவை. திருமணத்துக்கு மிகக் குறைவானவர்களே வந்திருந்தார்கள், பெற்றோர் வரவில்லை என்றால், அதிகாரி கேட்கும் முன்பே காரணத்தை எழுதுங்கள். ஊரிலிருப்பவர்களுக்கு விசா கிடைக்கவில்லை, கையில் காசு இருக்கவில்லை என்பவை வெட்கப்பட வேண்டிய காரணங்கள் இல்லை. இரண்டு வயது மகளின் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் இருப்பது வலுவான சான்று, ஆனால் அது மட்டும் போதும் என்று மற்றவற்றை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் திருமணம் பதியப்பட்டிருப்பதாகச் சொன்னீர்கள். இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வரி: ஒன்ராறியோவில் மாநகராட்சியிடம் திருமண உரிமம் பெற்று, பதிவு பெற்ற மதகுரு அல்லது திருமணம் நடத்த அதிகாரம் பெற்ற அலுவலர் முன்னிலையில் செய்து, பின் மாகாணத்தில் பதிந்தால்தான் அது சட்டத்தின் கண்ணில் திருமணம். உரிமம் இல்லாமல் கோயிலில் தாலி கட்டியதைக் குடிவரவு அதிகாரி திருமணமாக ஏற்கமாட்டார்.

சேர்ந்து வாழ்வதற்கான சான்றுதான் நிலை இல்லாதவர்களுக்குக் கடினமானது. வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் வரும் கட்டணச் சீட்டு, காப்புறுதி என்று குடிவரவு அமைச்சின் வழிகாட்டி கேட்கும். பேஸ்மென்டில் இருந்துகொண்டு கையில் காசாக வாடகை கொடுப்பவருக்கு இவற்றில் எதுவும் இருக்காது. அப்படியானால் வீட்டுக்காரரின் சத்தியப்பிரமாணக் கடிதம், அதே முகவரிக்கு அவர் பெயரில் முகவரகமும் மருத்துவமனையும் அனுப்பிய கடிதங்கள், தொலைபேசிக் கணக்கு, குழந்தையின் மருத்துவர் பதிவில் அவசரத் தொடர்புக்கு அவர் பெயர் எழுதப்பட்டிருப்பது என்று கிடைப்பதைச் சேர்க்கலாம்.

உங்கள் வருமான வரிப் பதிவை இன்றே எடுத்துப் பாருங்கள். திருமணமான பின்னும், பிள்ளைக்கான கொடுப்பனவு குறையக் கூடாது என்ற எண்ணத்தில் 'தனியாள்' என்று பதிபவர்கள் நம்மிடையே உண்டு. அந்த ஒரு சொல், ஸ்பொன்சர் கோப்பில் 'நாங்கள் சேர்ந்து வாழ்கிறோம்' என்ற உங்கள் வாக்குமூலத்துக்கு நேர் எதிராக நிற்கும். கணவருக்குச் செல்லுபடியாகும் சமூகக் காப்புறுதி எண் இல்லாவிட்டாலும் நீங்கள் திருமணமானவர் என்றே பதியவேண்டும். தவறாகப் பதிந்திருந்தால், விண்ணப்பத்துக்கு முன்பே வருமான வரித் திணைக்களத்திடம் திருத்தி, மிகையாகப் பெற்ற பணம் இருந்தால் அதைத் திருப்பிக் கட்டும் ஏற்பாட்டையும் செய்யுங்கள்.

அதைவிட ஆழமான முரண்பாடு அகதிக் கோப்பில் இருக்கக்கூடும். இந்த விண்ணப்பத்தில் கடந்த 10 ஆண்டுகளின் முகவரிகள், வேலைகள், படிப்பு, அமைப்புகளில் இருந்த தொடர்பு, ஆயுதக்குழுக்களில் செய்த பணி என எல்லாவற்றையும் கேட்கும் படிவம் ஒன்று உண்டு. அதை நிரப்பும்போது, 2018இல் அவர் அகதி விசாரணைக்காக எழுதிய கதையை அருகில் வைத்துக்கொள்ளாமல் ஒரு வரியும் எழுதக் கூடாது. அங்கே 'திருமணமானவர்' என்று எழுதி இங்கே 'இதுவே முதல் திருமணம்' என்றோ, அங்கே வவுனியாவில் இருந்ததாகச் சொன்ன ஆண்டில் இங்கே கொழும்பு முகவரியையோ எழுதினால், இரண்டில் ஒன்று பொய் என்று அதிகாரி முடிவெடுக்கலாம். பழைய கோப்பில் தவறு இருந்தால், அதைத் தானாக ஒப்புக்கொண்டு விளக்கம் எழுதுவதே பாதுகாப்பு.

ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு இதில் இன்னொரு கூர்மையான முனை உண்டு. கனடா 2006 ஏப்ரலில் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. சட்டத்தின் 34ஆவது பிரிவு, அத்தகைய அமைப்பின் 'உறுப்பினர்' என்று நம்ப நியாயமான காரணம் உள்ளவரையும் அனுமதிக்க முடியாதவராக்குகிறது. 'உறுப்பினர்' என்ற சொல்லை நீதிமன்றங்கள் மிக விரிவாகவே பொருள்கொண்டு வந்துள்ளன, எத்தனை ஆண்டுகளுக்கு முந்தைய தொடர்பு என்பதும் தடையாக இருப்பதில்லை. வன்னியில் பதுங்குகுழி வெட்டக் கட்டாயப்படுத்தப்பட்டேன், உணவு சமைத்துக் கொடுத்தேன் என்று அகதிக் கதையில் எழுதியவர் பலர். அப்படி உங்கள் கணவரின் கோப்பில் ஏதேனும் இருந்தால், 2005ஆம் ஆண்டுக் கொள்கை அந்தத் தடையை நீக்காது. மனிதாபிமான விண்ணப்பமும் 2013க்குப் பின் இதற்குத் துணை வராது. கட்டாயத்தின் பேரில் செய்தது என்ற வாதமும், அமைச்சரிடம் கேட்கும் தனி விலக்குமே எஞ்சும். இதற்காக எதையும் மறைக்கச் சொல்லவில்லை, மறைக்கவும் கூடாது; ஆனால் இதை அறிந்த வழக்கறிஞர் பார்க்காமல் அந்தப் படிவம் போகக் கூடாது.

கட்டணம் 2024 ஏப்ரல் 30இன் அட்டவணைப்படி ஸ்பொன்சருக்கு 85, விண்ணப்பதாரருக்கு 545, நிரந்தர வதிவிட உரிமைக்கு 575, ஆக 1,205 டொலர். கைரேகைக்கு 85 தனி. அவ்வப்போது கூட்டுவார்கள் என்பதால், கட்டும் நாளில் அமைச்சின் தளத்தில் பார்த்துக் கட்டுங்கள். மருத்துவப் பரிசோதனையும் இலங்கைப் பொலிஸ் சான்றிதழும் வேண்டும். பிஆர் கொடுக்கும் நேரத்தில் அவரிடம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு இருக்க வேண்டும். அதற்காக இலங்கைத் தூதரகத்தை நாடுவது, ஆபத்து மதிப்பீட்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் ஒருவருக்கு எதிராகப் பயன்படலாம். எனவே எதை எப்போது செய்வது என்ற வரிசையை வழக்கறிஞருடன் பேசி முடிவெடுங்கள்.

வேலை பற்றிக் கேட்கவில்லை என்றாலும் அடுத்ததாகக் கேட்பீர்கள். நிலை இருப்பவர்கள் விண்ணப்பத்தோடு திறந்த வேலை அனுமதி கேட்கலாம். பார்வையாளராகவோ மாணவராகவோ தொழிலாளியாகவோ இருந்து நிலை முடிந்தவர்கள் 90 நாட்களுக்குள் அதை மீட்கக் கேட்கலாம். தோற்ற அகதிக் கோரிக்கையாளரான உங்கள் கணவருக்கு அந்த மீட்பு வழி இல்லை. பொதுவாக, கொள்கையளவிலான ஒப்புதல் வந்த பின்பே இந்த விண்ணப்பத்தின் பேரில் வேலை அனுமதி கிடைக்கும். அதுவரை உங்கள் ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓடவேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா, ஆலோசகர் என்றால் குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரியின் பட்டியலில் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். இவற்றிலோ வேறு மாகாணச் சட்டச் சங்கத்தின் பட்டியலிலோ இல்லாதவர், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், உங்களிடம் பணம் பெற்றுக்கொண்டு இந்தப் படிவங்களைக் கையாளச் சட்டத்தில் இடமில்லை. வெறுமையான படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் அன்றே எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அவருடைய அகதி வழக்கை நடத்திய வழக்கறிஞருக்கு எழுதி, அடிப்படைக் கோரிக்கைப் படிவம், விமான நிலையக் குறிப்புகள், தீர்ப்புகள் அடங்கிய முழுக் கோப்பையும் கேளுங்கள். அவர் பதிலளிக்கச் சுணங்கினால், அரசிடமே தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நீங்கள் கோரலாம்; அதற்கு வாரக்கணக்கில் ஆகும், ஆகவே இரண்டையும் ஒரே நாளில் அனுப்பிவிடுங்கள். வெளியேற்ற நேர்காணலுக்கான அழைப்பு ஏற்கெனவே வந்திருந்தால், அந்தக் கோப்புக்காகக் காத்திராமல், அழைப்புக் கடிதத்துடன் நாளையே வழக்கறிஞர் ஒருவரைப் போய்ப் பாருங்கள்.